கைபேசிக்குள் ஒரு கணக்கப்பிள்ளை – 6: வாசலில் நிற்பவனுக்கு ஏன் ஓடர் போவதில்லை?

மாலை ஏழு மணியானால் கண்டி நகரில் கொத்து ரொட்டி தட்டும் சத்தம் வீதிக்கு வீதி கேட்கத் தொடங்கிவிடும். சாப்பாட்டுக் கடைகளுக்கு எதிரே பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டும். 2015இல் தொடங்கி 2024இல் கொழும்புப் பங்குச் சந்தை வரை போன பிக்மீ, 2018இல் இலங்கைக்கு வந்த ஊபர் ஈட்ஸ் இரண்டுமே இன்று கண்டியில் ஓடுகின்றன. வாசலில் நிற்கிற தனக்கு வராத ஓடர், கட்டுக்கலையில் நிற்கிற இன்னொருவனுக்கு எப்படிப் போகிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பொதுவான மனக்குறை. ஆள் பார்த்துக் கொடுக்கிறார்களோ என்ற சந்தேகமும் அதோடு சேர்ந்தே வரும்.

மலையகத்துக்கு இது பழைய சந்தேகம். தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டில் யார் எந்த மலைக்குப் போவது என்று கணக்கப்பிள்ளை பிரித்துவிடுவார். கொழுந்து நிறைந்த மலை ஒருத்திக்கு, கால் வழுக்கும் செங்குத்து மலை இன்னொருத்திக்கு. அன்றைய இறாத்தல் கணக்கில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். இப்போது பிரட்டு கைபேசிக்குள் நடக்கிறது. நாளுக்கு ஒருமுறை நடந்தது சில வினாடிக்கு ஒருமுறை நடக்கிறது. நம் இருப்பிடத்தைக் கைபேசி எப்படி அறிகிறது என்று போன வாரம் பார்த்தோம். அந்த இருப்பிடத்தை வைத்து வேலையை எப்படிப் பிரிக்கிறது என்று இந்த வாரம் பார்ப்போம்.

இரண்டு ஓடர், இரண்டு பேர்

தொடக்க காலச் செயலிகள் எளிய வழியில்தான் போயின. ஓடர் வந்ததும் சும்மா இருப்பவர்களில் மிக அருகில் இருப்பவரைப் பிடித்துக் கொடுத்துவிடும். அதில் ஒரு பெரிய நட்டம் ஒளிந்திருந்தது. விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம்.

‘அ’ என்ற ஓட்டுநர் முதல் கடைக்கு 3 நிமிடத்திலும் இரண்டாவது கடைக்கு 4 நிமிடத்திலும் போகலாம். ‘ஆ’ என்பவருக்கு முதல் கடைக்கு 5 நிமிடம், இரண்டாவது கடைக்கு 12 நிமிடம். முதல் கடை ஓடர் சற்று முந்தி வந்தது என்பதற்காக அதை ‘அ’வுக்குக் கொடுத்தால், இரண்டாவது ஓடருக்கு ‘ஆ’ 12 நிமிடம் ஓட வேண்டும். மொத்தம் 15 நிமிடம். மாற்றிக் கொடுத்தால் நான்கும் ஐந்தும் ஒன்பது. ஆறு நிமிடம் மிச்சம். ஆனால் முதல் கடைக்குப் பக்கத்தில் நின்ற ‘அ’வின் கண்ணெதிரே அந்த ஓடர் ‘ஆ’வுக்குப் போகும். வாசலில் நிற்பவனின் மனக்குறைக்கு முதற்காரணம் இதுதான். இயந்திரம் ஒருவரை மட்டும் பார்ப்பதில்லை. சில வினாடிகள் பொறுத்து, அந்த நேரத்தில் சேர்ந்த எல்லா ஓடர்களையும் எல்லா ஓட்டுநர்களையும் ஒன்றாக வைத்து, மொத்தக் காத்திருப்பு எப்படிக் குறையும் என்று பார்க்கிறது. ஊபர் போன்ற நிறுவனங்கள் இந்த முறையை வெளிப்படையாகவே விளக்கியிருக்கின்றன.

இரண்டு பேர் என்றால் நாமே விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்து ஓடரைப் பத்துப் பேருக்குப் பிரிக்க 36 இலட்சத்து 28 ஆயிரத்து 800 வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்காமலே மிகச் சிறந்ததைக் கண்டுபிடிக்கும் வழியை அமெரிக்கக் கணிதர் ஹரோல்ட் கூன் 1955இல் வெளியிட்டார். கேனிக், எகர்வாரி என்ற இரண்டு ஹங்கேரியர்களின் ஆய்வில் நின்று எழுதியதால் அதற்கு ‘ஹங்கேரிய முறை’ என்றே பெயர் வைத்தார். ஜெர்மன் கணிதர் யக்கோபி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைத் தீர்த்து இலத்தீனில் எழுதி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. சாப்பாட்டுப் பெட்டி பிரிக்கும் இன்றைய கணக்குகள் இந்த வம்சத்தில் வந்தவை.

இரண்டாவது காரணம் அடுப்படியில் இருக்கிறது. ஓட்டுநர் ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தாலும் பிரியாணி வெந்து பொதியாக இருபது நிமிடம் ஆகுமென்றால், மிச்ச நேரம் முழுவதும் அவர் வாசலில் வீணாக நிற்பார். அதனால் ஒவ்வொரு கடையும் எந்த நேரத்தில் எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பழைய பதிவுகளிலிருந்து செயலி ஊகிக்கிறது. ஓட்டுநரின் கைபேசி அசையாமல் இருக்கிறதா, நடக்கிறதா, வண்டியில் போகிறதா என்பதைக்கூட அதன் உணரிகள் மூலம் அறிந்து, காத்திருப்பு எவ்வளவு என்று ஊபர் ஈட்ஸ் கணக்கிட்டிருக்கிறது. சாப்பாடு தயாராகும் நேரமும் ஆள் வந்து சேரும் நேரமும் பொருந்த வேண்டும். இப்போது சும்மா இருப்பவரைவிட, பக்கத்துத் தெருவில் ஒரு பொதியைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பப் போகிறவர் சில சமயம் பொருத்தமாகிவிடுகிறார். ஒரே திசைக்குப் போகும் இரண்டு ஓடர்களை ஒருவரிடமே சேர்த்துக் கட்டுவதும் உண்டு. அப்போதும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஒன்றும் வராது.

கண்டியின் மேடு பள்ளம்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். கண்டியில் கணக்கு இடறுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு.

நகரம் பள்ளத்தில் இருக்கிறது, வீடுகள் மலையில் இருக்கின்றன. மகாவலி நகரை மூன்று பக்கம் வளைத்து ஓடுகிறது. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர என்று பாலம் தேடித்தான் பெரும்பாலும் கடக்க வேண்டும். தலதா மாளிகைக்குப் பின்னால் நூறு ஹெக்டேயருக்குச் சற்று மேல் பரந்திருக்கிறது உடவத்தகலே காடு. அதற்கு அப்பால் வட்டபுளுவ. வரைபடத்தில் வாவிக்கரையிலிருந்து நேர்கோடு போட்டால் பக்கத்திலேயே இருப்பதாகத் தோன்றும். காட்டைச் சுற்றிக்கொண்டு போகிற மோட்டார் சைக்கிளுக்குத்தான் உண்மைத் தூரம் தெரியும். நல்ல செயலிகள் நேர்கோட்டை விட்டு வீதித் தூரத்தையே அளக்கின்றன. ஆனால் வீதித் தூரமும் கண்டியில் பாதி உண்மைதான். மாளிகை வாசல் வீதி 1998 ஜனவரிக் குண்டுவெடிப்புக்குப் பின் வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்த நெரிசல் முழுவதும் வாவியைச் சுற்றும் வீதிக்கு மாறியது. பாடசாலை விடும் நேரத்தில் அங்கே ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று எந்த வரைபடமும் அடித்துச் சொல்ல முடியாது.

எசல பெரஹர இரவுகளில் நகர வீதிகள் அடைபடும். 2025 ஏப்ரலில் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு தந்ததாது பொதுமக்கள் தரிசனத்துக்கு வைக்கப்பட்டபோது பத்து நாட்கள் நகரமே ஸ்தம்பித்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் வீதிகளையே சரித்துக்கொண்டு போனது. பழைய பயணங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் இயந்திரத்துக்கு இப்படிப்பட்ட நாட்களில் கைகொடுக்கப் பழைய பயணம் எதுவும் இருக்காது.

எல்லா நாளும் இருக்கும் இன்னொரு இடறல் திரும்பி வரும் ஓட்டம். கடைகள் பள்ளத்தில் நெருங்கியிருக்கின்றன. ஹந்தானைக்கோ அம்பிட்டிய மேட்டுக்கோ பொதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபின், அங்கிருந்து கீழே கொண்டுவர ஓடர் கிடைப்பது அபூர்வம். வெறும் வண்டியோடுதான் இறங்க வேண்டும். கட்டணச் சூத்திரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் பொதுவாக அது பொதியோடு போகும் வழிக்குத்தான் காசு எண்ணுகிறது. முதல் கியரில் ஏறுவதற்கு எரியும் பெற்றோலும், தேயும் பிரேக்கும் ஓட்டுநரின் செலவு. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. அடுத்து வந்த கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு 4 லீற்றர்தான். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் 160 கிலோமீற்றரோடு அந்த வாரம் முடிந்தது. தாங்கியில் எவ்வளவு மிச்சம் என்பது இயந்திரத்துக்குத் தெரியாத விடயம். அதை மனதில் வைத்து மேட்டு ஓடரை மறுப்பவர், செயலியின் கண்ணில் ‘ஏற்காதவர்’ மட்டுமே. ஏற்கும் வீதத்தைப் பதிந்து, அதை வைத்து ஊக்கத்தொகையைத் தீர்மானிக்கும் வழக்கம் இந்தத் துறையில் உலகெங்கும் உண்டு.

வேகமாகப் போனவன் தந்த தண்டனை

இயந்திரம் கற்றுக்கொள்வதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 2020 செப்டெம்பரில் சீனாவின் ‘ரென்வு’ சஞ்சிகை சாப்பாடு கொண்டுபோகும் ஓட்டுநர்களைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. மூன்று கிலோமீற்றருக்கு 2016இல் கொடுத்த அதிகபட்ச நேரம் ஒரு மணித்தியாலம். அடுத்த ஆண்டு 45 நிமிடம். 2018இல் 38. தாமதக் கட்டணத்துக்குப் பயந்து ஓட்டுநர்கள் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலும் சிவப்பு விளக்கைத் தாண்டியும் போனார்கள். அவர்கள் சீக்கிரம் சேர்ந்ததைப் பார்த்த இயந்திரம் இவ்வளவு நேரமே போதும் என்று கற்றுக்கொண்டது. உயிரைப் பணயம் வைத்து ஒருவன் மிச்சம்பிடித்த ஐந்து நிமிடம் அடுத்த மாதம் எல்லாருக்கும் சட்டமானது. கட்டுரை எழுப்பிய கொந்தளிப்புக்குப் பிறகு, அங்கே சாப்பாடு விநியோகிக்கும் மெய்துவான் நிறுவனம் நேரக் கணக்கின் விதிகளை 2021இல் வெளியிட வேண்டி வந்தது. கண்டியின் கொண்டை ஊசி வளைவுகளில் இந்தப் பாடம் இன்னும் ஆபத்தானது.

இத்தாலியில் சாப்பாடு விநியோகித்த டெலிவரூ நிறுவனத்தின் வேலை பிரிக்கும் மென்பொருளுக்கு ‘பிராங்க்’ என்று பெயர். நேரத்துக்கு வராதவரை அது தரவரிசையில் கீழே தள்ளியது. காய்ச்சலில் படுத்தவரா, வேலைநிறுத்தத்தில் நின்றவரா, சும்மா வராமல் விட்டவரா என்று அது கேட்டதில்லை. 2020 டிசம்பர் 31 அன்று போலோஞா நீதிமன்றம் இதைப் பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. ஆளைப் பார்க்காத இயந்திரமும் பாரபட்சம் காட்டலாம் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது இந்தத் துறையில் ஒரு திருப்பம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய பணிப்புரை, தானியங்கி முடிவுக்கு விளக்கம் கேட்கவும் மனிதர் ஒருவரிடம் மறுபரிசீலனை கோரவும் உரிமை தருகிறது. உறுப்பு நாடுகள் அதை 2026 டிசம்பருக்குள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

நம் நாட்டில் ஓட்டுநர்களைச் செயலிகள் சுயாதீனப் பங்காளிகளாகவே வைத்திருக்கின்றன. ஊழியர் சேமலாப நிதியில் தொழில்தருநர் போட வேண்டிய 12 வீதமும், நம்பிக்கை நிதியின் 3 வீதமும் இவர்களுக்கு இல்லை. தோட்டத்தில் தராசில் குறைத்த இறாத்தலுக்கு எதிராகக் கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்க முடிந்தது. கேட்டதற்குப் பின்னால் நிற்கச் சங்கமும் வந்தது. செயலியிடம் கேட்டால் ஆயத்தப் பதில் ஒன்று வரும்.

ஹங்கேரிய முறை நல்ல கணக்கு. நகரம் முழுவதற்கும் காத்திருப்பைக் குறைக்கிறது, சாப்பாடும் சூடாக வருகிறது. அது மிச்சம்பிடிக்கும் நிமிடங்களின் பலன் நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் கடைக்கும் போகிறது, ஓட்டுநருக்கும் கொஞ்சம் போகிறது. ஊகம் பிழைக்கும்போது வரும் நட்டம் மட்டும் பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவர் தலையில் விழுகிறது. ஓடரை ஏற்கும் முன் போய்த் திரும்பும் முழுத் தூரத்தையும் காட்டுவது, மேட்டுக்கு வேறு கட்டணம் வைப்பது, வீதி அடைபட்ட நாளில் மறுப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது மூன்றுமே இன்றைய தொழில்நுட்பத்துக்குச் சிறிய வேலை. அவற்றைச் செய்யச் சொல்லும் சட்டம்தான் இன்னும் எழுதப்படவில்லை.

(அடுத்த வாரம்: ஐந்து நட்சத்திரத்தில் ஒன்று குறைந்தால் என்ன நடக்கும்?)