பிராணவாயு: காற்றிலே இருக்கிறது, உடம்புக்குப் போய்ச் சேருகிறதா?

சோறு இல்லாமல் மனிதன் பல நாள் இருந்துவிடலாம். தண்ணீர் இல்லாமல் இரண்டு மூன்று நாள் தாக்குப் பிடிக்கலாம். ஆனால் மூச்சு நின்றுபோனால் நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும். அப்படி நம் உயிரையே பிடித்து வைத்திருக்கும் பொருள்தான் பிராணவாயு. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் என்று சொல்வதும் இதைத்தான்.

காற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை. துரை பங்களாவுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே காற்றுதான். அப்படியிருந்தும், "என்னான்னே தெரியல, நாலு நிரை நடந்தா மூச்சு வாங்குது, கைகால் அசருது" என்று சொல்லாத தாய்மார்கள் நம் தோட்டங்களில் குறைவு. காற்றில் பிராணவாயுவுக்குப் பஞ்சமில்லை. அது உடம்புக்குள் போய்ச் சேரும் வழியில்தான் எங்கோ தடை விழுகிறது. அந்தத் தடைகள் எவை என்று ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

போகும் பாதை

1774-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் இந்த வாயுவைத் தனியே பிரித்துக் காட்டினார். அதற்கு ஆக்ஸிஜன் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர். நாம் சுவாசிக்கும் காற்றில் 100 பங்குக்கு 21 பங்கு பிராணவாயு. மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன்.

இழுத்த மூச்சு நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகளுக்குப் போகிறது. அங்கே இரத்தத்தின் சிவப்பணுக்கள் காத்திருக்கின்றன. ஸ்டோருக்குப் பால் ஏற்றிப் போகும் லாரியை நாம் பார்த்திருக்கிறோம். சிவப்பணுவும் அப்படி ஒரு லாரிதான். அதிலுள்ள தொட்டிக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். அந்தத் தொட்டியைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். லாரி பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு மூளை, இருதயம், கைகால் தசை என்று எல்லா இடத்துக்கும் இறக்கிவிட்டு வரும்.

சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் பிராணவாயு போதும். செம்பனைக் குலையைத் தூக்கி வண்டியில் ஏற்றுபவருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். உழைக்கும் உடம்புக்குத்தான் இந்தக் குறை முதலில் தெரியும்.

இரத்தம் வெளுத்தால்

முதல் தடை இரத்தச் சோகை. லாரி குறைந்துபோனால், அல்லது தொட்டி சிறுத்துப்போனால், எவ்வளவு நல்ல காற்று இருந்தும் பயன் இல்லை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குச் சுமார் 11 கிராமுக்கும் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

நம் தாத்தா பாட்டி காலத்தில் மலேரியாக் காய்ச்சல் சிவப்பணுக்களை உடைத்தது. வெறுங்காலில் ஏறிய கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சியது. இன்று அந்தக் கொடுமை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் மாதவிடாயில் அதிக இரத்தம் போவது, அடுத்தடுத்த பிரசவம், எல்லாரும் சாப்பிட்டு மிச்சமிருப்பதை அம்மா சாப்பிடும் பழக்கம், இவை போகவில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். நாக்கு வெளுக்கும், தலை சுற்றும், படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். இதைச் "சோம்பேறித்தனம்" என்று வீட்டிலேயே திட்டுபவர்கள் உண்டு. அது சோம்பேறித்தனம் அல்ல, வியாதி.

முருங்கைக்கீரை, மற்றக் கீரைகள், பயறு, நெத்திலி, ஈரல், மீன், முட்டை இவற்றைச் சாப்பாட்டில் சேருங்கள். கூடவே ஒரு கொய்யாத் துண்டோ, எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஏறும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிப்பதை மட்டும் விடுங்கள். தேயிலை, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போச்சு!

"மாத்திரை தின்னா கறுப்பா போகுது அண்ணே, பயமா இருக்கு" என்று கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் சிலர். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பது சகஜம். மாத்திரை சாப்பிடாதவருக்குத் தார் போல் கறுப்பாகப் போனால்தான் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். அது வயிற்றுக்குள் இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். எல்லாச் சோகைக்கும் இரும்பு மாத்திரை மருந்தாகாது. தலசீமியா போன்ற பரம்பரைச் சோகையும் நம் நாட்டில் உண்டு. ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு மருந்து.

குழிக்குள் இறங்காதே!

இரண்டாவது தடை, காற்றே கெட்டுப்போவது. பழைய கிணறு, மலத்தொட்டி, ஆலையின் கழிவுத் தொட்டி, மூடிக் கிடந்த தாங்கி இவற்றுக்குள்ளே அழுகும் பொருள்கள் பிராணவாயுவைத் தின்றுவிடும். நச்சு வாயுவும் சேரும். 21 பங்கில் பாதியாகக் குறைந்தாலே ஆள் மயங்கி விழலாம். இன்னும் குறைந்தால், இரண்டு மூச்சு இழுப்பதற்குள் சாய்ந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

"நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்று நம்பாதீர்கள். பிராணவாயு குறைந்த காற்றுக்கு வாடையே கிடையாது. அழுகிய முட்டை போல் நாறும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவோ, அதிகமானால் மோப்ப சக்தியையே கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து முற்றியிருக்கும்.

இதில் நெஞ்சைப் பிளக்கும் சங்கதி என்னவென்றால், முதலில் விழுந்தவரைத் தூக்க அவசரப்பட்டு இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். சில சமயம் மூன்றாவது ஆளும்! அண்ணன் விழுந்தாலும் தம்பி இறங்கக் கூடாது. கேட்பதற்குக் கல்மனம் போலத் தோன்றும். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பிணம் விழாமல் தடுக்க அதுதான் வழி. 999 எண்ணை அழையுங்கள். கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள்.

இறங்குமுன் காற்றைக் கருவியால் சோதிக்க வேண்டும், அனுமதிச் சீட்டு வேண்டும், வெளியே ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும். இவை முதலாளி செய்ய வேண்டிய கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்கிறது மலேசிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம். "மண்டோர் சொன்னார், இறங்கினேன்" என்ற பேச்சு இனி வேண்டாம்.

கரியும் சிகரெட்டும்

மூடிய அறையில் கரி அடுப்பு எரித்தாலும், ஜெனரேட்டர் ஓடவிட்டாலும் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகும். நமது லாரித் தொட்டியில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்போடு இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, வாந்தி, மயக்கம், பிறகு மரணம். சிகரெட்டிலும் இதே வாயுதான். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் கருவி இந்த விஷத்தைக் கண்டுபிடிக்காது, 98 என்று காட்டி ஏமாற்றும். சோகை உள்ளவருக்கும் அது சரியாக இருப்பது போலவே காட்டும்.

ஆறாத புண்

புண் ஆறப் பிராணவாயு வேண்டும். புதுச்சதை வளர்வதற்கும், வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதற்கும் அது தேவை. இனிப்புநீர் உள்ளவருக்குக் காலின் இரத்தக் குழாய் சுருங்கிப்போனால் லாரி அங்கே போக வழியில்லை. சிகரெட்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். தினமும் பாதத்தைப் பாருங்கள். சின்னப் புண்ணுக்கும் மஞ்சள் பூசிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். காலைக் காப்பாற்ற நாள் முக்கியம்.

சிலிண்டர் ஆக்ஸிஜன் சத்து மருந்தா?

நிமோனியா, கடும் ஆஸ்துமா, கோவிட் போன்றவற்றில் ஆக்ஸிஜன் உயிரைக் காக்கும். அதுவும் டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துதான். பராகுவாட் களைக்கொல்லி விஷத்தில், தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அந்த மருந்துக்குத் தடை. என்றாலும் யாராவது எந்த விஷத்தையாவது குடித்துவிட்டால் போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சுகமாக இருப்பவரின் இரத்தத்தில் பிராணவாயு ஏற்கெனவே 100க்கு 95க்கு மேல் நிரம்பியிருக்கிறது. "ஆக்ஸிஜன் தண்ணீர் குடித்தால் எல்லா வியாதியும் போகும்" என்று வீடு தேடி வந்து விற்பவர்களிடம் சம்பளக் காசைக் கொடுக்காதீர்கள். மனிதன் மூச்சு விடுவது நுரையீரலால், வயிற்றால் அல்ல! அந்தக் காசுக்குக் கீரையும் நெத்திலியும் வாங்கினால் வீடே பலன் பெறும்.

தாய்மார்களே, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "என் ஹீமோகுளோபின் எத்தனை?" என்று கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். தோழர்களே, உங்கள் தோட்டத்தில் திறந்து கிடக்கும் குழியோ தொட்டியோ இருந்தால் தோட்டக் கமிட்டியிடம் இன்றே சொல்லுங்கள். ஆள் விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை.