வெயில் தாங்கும் பால் காளானும் உடல்நலமும்

காளான் என்றாலே குளிர்ந்த மலைப்பகுதிகளின் விளைபொருள் என்று நிலவிய எண்ணத்தை மாற்றியது பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1998-இல் ஏபிகே 2 என்னும் பெயரில் வெளியிடப்பட்ட இவ்வெண்ணிற இரகம், 30 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் செழித்து வளர்வதால், தூத்துக்குடி போன்ற வெயில் மிகுந்த கடற்கரை மாவட்டங்களுக்கும் ஏற்றதாக உள்ளது. வேகவைத்த வைக்கோலில் காளான் வித்தை அடுக்கடுக்காக இட்டு, பூஞ்சை இழை பரவியபின் மேல்மண் பரப்பி நீர் தெளித்துவந்தால், சிறு கொட்டகையிலேயே மொட்டுகள் அரும்பும்.

காளானின் செல்சுவரில் பீட்டா குளுக்கன் என்னும் நார்ச்சத்து உள்ளது. மனிதக் குடலால் செரிக்க இயலாத இச்சத்தை நோயெதிர்ப்பு உயிரணுக்கள் அடையாளம் காண்கின்றன. ஷிடாகே காளானிலிருந்து பிரிக்கப்பட்ட லென்டினன் என்னும் பீட்டா குளுக்கன், ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் துணைமருந்தாக ஊசிவழி செலுத்தப்பட்டது என்றாலும், காளான் கறி உண்பதே அத்தகைய பலனைத் தரும் என்று கொள்ளலாகாது.

மற்றொரு கூறு எர்கோதயோனீன். 1909-இல் பிரெஞ்சு வேதியியலாளர் சார்லஸ் தான்ரே கண்டறிந்த இந்த அமினோ அமிலத்தை மனித உடல் தானே உருவாக்குவதில்லை. எனினும், உணவிலிருந்து அதனை உயிரணுக்களுக்குள் கொண்டுசேர்ப்பதற்கென்றே ஒரு புரதம் உடலில் இயங்குவது 2005-இல் தெரியவந்தது. ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தடுக்கும் எர்கோதயோனீனின் ஆற்றல் ஆய்வகச் சோதனைகளில் உறுதிப்பட்டுள்ளது.

நடைமுறையில் எளிதாகப் பெறக்கூடிய பயன் எர்கோஸ்டெராலிலிருந்து கிடைக்கிறது. காளானின் செல்சவ்வில் உள்ள இக்கொழுப்புப்பொருள், புற ஊதாக் கதிர் பட்டதும் எலும்புக்கு வலுவூட்டும் வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. நிழலில் வளர்ந்த காளானில் இச்சத்து மிகக் குறைவு. ஆயினும், தூத்துக்குடி உப்பளங்களில் உப்பை விளைவிக்கும் அதே நண்பகல் வெயிலில், காளானை மெல்லிய துண்டுகளாக நறுக்கியோ, குடையின் அடிப்பக்க மடிப்புகள் மேல்நோக்கியிருக்குமாறு கவிழ்த்தோ, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் அது கணிசமாகக் கூடுகிறது. சன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுவதால் திறந்தவெளியில் வைப்பதே பயன்தரும். சமைத்தபின்னும் இவ்வைட்டமினின் பெரும்பகுதி நிலைத்திருக்கும்.

மழைக்காலத்தில் தானாக முளைக்கும் காளான்களில் உயிரைப் பறிக்கும் நச்சு வகைகளும் உண்டு. அவற்றைச் சமைத்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. ஆகவே வளர்ப்புக் காளானையே வாங்கி, வெயில் காட்டி, நன்கு வேகவைத்து உண்ண வேண்டும். காளான் சத்துமிக்க உணவே தவிர, மருத்துவர் தரும் மருந்துக்கு மாற்றன்று.