சீருடை இல்லாத சேனை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863-இல் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையைப் பொம்மைப் படைகளோடு மேசைமேல் விளையாட விரும்பும் அன்பருக்கு வட மாநிலப் படையால் பெரிய தொல்லை இல்லை. கருநீலக் கோட்டு, வெளிர்நீலக் கால்சட்டை. இரண்டு குப்பி பெயின்டில் பாதி வேலை தீர்ந்துவிடும். பொறுமையைச் சோதிப்பது தென் மாநிலப் படைதான். விதிப்படி அவர்களுக்குச் சாம்பல் நிறம். ஆனால் போரின் தொடக்கத்தில் வீரர்களே உடை தேடிக்கொள்ள, அரசு அதற்குப் பணம் கொடுத்தது. வீட்டுத் தறியில் பருத்திப் பாவும் கம்பளி ஊடையுமாக நெய்த துணி. பட்டர்நட் என்ற அக்ரூட் இன மரத்தின் பட்டையிலும் காய்த்தோலிலும் எடுத்த பழுப்புச் சாயம். தாவரச் சாயத்தில் சாம்பலாக்கிய துணியும் வெயில் பட்டுப் பட்டுப் பழுப்புக்கே இறங்கியது. எதிரியிடமிருந்து கைப்பற்றிய நீலக் கால்சட்டைகள் வேறு.

இதையெல்லாம் 15 மில்லிமீட்டர் உயர உலோக மனிதன்மேல் காட்ட வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று அவனைப் பார்ப்பது, நிஜ மனிதனை நூறு மீட்டருக்கும் அப்பால் பார்ப்பதற்குச் சமம். நல்ல கண்ணுக்கும் ஒரு மீட்டர் தூரத்தில் 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளி பிரிந்து தெரியாது. கோட்டுப் பொத்தானோ இந்த அளவில் 0.2 மில்லிமீட்டர்தான். அதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது வீண். நிறமும் ஏமாற்றும்: பெரிய பரப்பில் பளிச்சென்று தெரியும் நிறம் சின்னப் பரப்பில் மங்கி இருண்டுவிடும். அதனால் அசல் துணியைவிட ஒரு படி வெளிறிய பெயின்ட்தான் சரி. மேலே நீர்த்த கரும்பழுப்பைப் பூசினால், அது பரப்பு இழுவிசையால் மடிப்புகளில் தேங்கி, அங்கேயே காய்ந்து நிழலாகிவிடும்.

உண்மையான சிக்கல் கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. ‘ஒழுங்கில்லாமல் தீட்டு’ என்றால் நாம் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறம் வராதபடி மாற்றி மாற்றித் தீட்டுவோம். அதுவும் ஓர் ஒழுங்குதான். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டம் போட்டதுபோல் தெரியும். தற்செயல் அப்படி நடந்துகொள்ளாது. நான்கு நிறங்களைச் சம வாய்ப்பில் பத்துப் பேருக்குப் பங்கிட்டால், அந்த வரிசையில் சராசரியாக இரண்டுக்குச் சற்று மேலான இடங்களில் அடுத்தடுத்த இருவர் ஒரே நிறத்தில் நிற்பார்கள். இந்தக் கொத்துகள்தான் கூட்டத்தை நம்ப வைக்கின்றன.

எனவே பகடையை உருட்டுவதே உத்தமம். விளையாட்டுக்காக அது எப்படியும் மேசையில் கிடக்கும். ஒன்று, இரண்டு விழுந்தால் சாம்பல்; மூன்று, நான்கு பட்டர்நட்; ஐந்து அடர்பழுப்பு; ஆறு வெளுத்த மண்நிறம். கோட்டு முடிந்ததும் பொம்மைகளைக் கலைத்துவிட்டுக் கால்சட்டைக்கு உருட்டலாம், பிறகு தொப்பிக்கு. நான்கு கோட்டு, நான்கு கால்சட்டை, மூன்று தொப்பி நிறங்களே 48 விதமான ஆட்களைத் தந்துவிடும். இதற்குமேல் நிறம் சேர்த்தால் படை திருவிழாக் கூட்டமாகிவிடும் என்பது என் கட்சி. கைப்பற்றிய நீலத்தைக் கால்சட்டைப் பகடையோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது. புகை மண்டிய களத்தில் நீலக் கோட்டு போட்டவனை அவனுடைய ஆட்களே சுட்டுவிடக்கூடும்.