சேலையின் நிறம் படத்தில் மாறலாமா?

கடைக்குப் போய்ச் சேலை எடுக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? சேலையைக் கையில் எடுப்பார்கள். வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்பார்கள். அதன் பிறகே விலை பேசுவார்கள்.

இப்போது பலர் வீட்டில் இருந்தபடியே, இணையதளத்தில் படம் பார்த்துச் சேலை வாங்குகிறார்கள். தொட்டுப் பார்க்க முடியாது. படத்தை நம்பித்தான் பணம் கொடுக்க வேண்டும். படத்தில் சிவப்பாக இருந்த சேலை, வீட்டுக்கு அரக்கு நிறத்தில் வந்தால்? வந்த வழியே திரும்பிப் போகும்! வாங்கியவருக்கு ஏமாற்றம். விற்றவருக்கு நஷ்டம்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. இணைய வியாபாரத்துக்காக மத்திய அரசு 2020-ம் ஆண்டு விதிகள் கொண்டு வந்தது. விற்பனைக்குக் காட்டும் படம், பொருளின் உண்மைத் தோற்றத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

அப்படியானால் எந்தக் காமிராவில் படம் எடுப்பது? பிலிம் காமிராவா? டிஜிட்டல் காமிராவா?

36 படம்

பிலிம் சுருள் ஒன்றில் சாதாரணமாக 36 படங்கள் எடுக்கலாம். எடுத்து முடிந்ததும் சுருளை மருந்தில் கழுவ வேண்டும். பிறகு ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நிறம் சரியாக விழவில்லை என்பது அப்போதுதான் தெரியும். மறுபடியும் சுருள், மறுபடியும் செலவு!

பிலிம் மட்டமானது அல்ல. ஈரம் படாமல் பாதுகாத்தால் நெகட்டிவ் பல ஆண்டுகள் இருக்கும். ஆனால், பகல் வெளிச்சத்துக்கென்று செய்த கலர் பிலிமில் குண்டு பல்பு வெளிச்சத்தில் படம் எடுத்தால், படம் மஞ்சளாக விழும்.

வெள்ளைக் காகிதம்

1975-ம் ஆண்டு, அமெரிக்காவில் கோடாக் கம்பெனி என்ஜினீயர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். எடை 3½ கிலோவுக்கு மேல். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பதிவு செய்ய 23 விநாடி ஆயிற்று. இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்போனே கண் இமைக்கும் நேரத்தில் கலர்ப் படம் எடுக்கிறது.

டிஜிட்டல் காமிராவில் வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தைத் திருத்தலாம். சேலைக்குப் பக்கத்தில் வெள்ளைக் காகிதத்தை வைத்து, "வெள்ளை இதுதான்" என்று காமிராவுக்குக் காட்டினால் போதும்.

மயில் கழுத்துப் பட்டின் பாவு ஒரு நிறம். ஊடை வேறு நிறம். அசைத்தால் நிறம் மாறும். அதை ஒரே படத்தில் காட்ட முடியாது. நேராக ஒன்று, சாய்த்து ஒன்று, மடிப்பில் ஒன்று என்று பல படங்கள் வேண்டும். டிஜிட்டலில் 50 படம் எடுத்தாலும் பிலிம் செலவு இல்லை. ஆகவே, கடைப் படத்துக்கு டிஜிட்டல் காமிராவே ஏற்றது.

வெளிச்சம் முக்கியம்

விலை உயர்ந்த காமிரா இருந்தால் மட்டும் போதாது. நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் சேலையை விரிக்க வேண்டும். அறை விளக்குகளை அணைத்துவிட வேண்டும். இருவகை வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். பிளாஷ் அடித்தால் ஜரிகை கண்ணைக் கூசும்.

கடைசியாக, சேலையையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சேலையைவிடப் படம் அழகாக இருந்தால், அந்தப் படத்தைப் போடக்கூடாது! பளபளப்பான படம் ஒரு சேலையை விற்கும். உண்மையான படம், அடுத்த தீபாவளிக்கும் அதே வாடிக்கைக்காரரைக் கூட்டி வரும்.