உவர் நிலத்தில் ஊறும் நன்னீர்

வைகையைப் பெற்றிருந்தும் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலையே பார்த்துப் பழகிய மக்கள் நாம். கண்மாய் நிறைந்தால் திருவிழா. கிணறு வற்றினால் ஊரே துக்கம். இத்தகைய நிலத்தில் ஓர் ஊற்று வற்றாமல் சுரந்தால் மக்கள் அதைக் கைகூப்பி வணங்காமல் வேறென்ன செய்வார்கள்? மதுரைக்கு வடக்கே அழகர் மலைமேல் சுரக்கும் சிலம்பாற்றை இந்துப் பெருமக்கள் நூபுர கங்கை என்று போற்றுகின்றனர். அழகரின் திருமஞ்சனத்திற்கு அந்நீரே கொண்டுசெல்லப்படுகிறது.

நம் குடும்பங்கள் பலவும் செப்டம்பர்த் திங்களில் மூட்டை முடிச்சோடு புறப்பட்டுப் போகும் மணப்பாட்டிலும் அப்படியோர் ஊற்று உண்டு. திருச்சிலுவைத் திருவிழாவுக்காக அங்கே செல்வோர், கோயில் நிற்கும் மணற்குன்றின் கடலோரச் சரிவில் இறங்கினால் ஒரு குகையைக் காண்பர். 1542 ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த இடம் என அது போற்றப்படுகிறது. அவருக்கு முன் சைவத் துறவி ஒருவர் அங்கே வாழ்ந்தார் என்பதும் வழிவழிச் செய்தி. அக்குகையில் ஒரு சிறு கிணறு. சில அடி தொலைவில் கடல் முழங்குகிறது, கிணற்றிலோ குடிநீர். திருப்பயணிகள் அதைப் பருகி, புட்டிகளிலும் நிரப்பிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர்.

மணப்பாட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் திருச்செந்தூர். அங்கே கடலோரத்தில் நாழிக்கிணறு இருக்கிறது. பெரிய கிணற்றுக்குள் ஒரு சிறு கிணறு, அதிலும் நன்னீரே. படைவீரர்களின் தாகம் தீர்க்க முருகன் வேலெறிந்து உண்டாக்கியது என்பது அவ்வூர் வரலாறு. சென்னை சின்னமலையில், தம் போதனையைக் கேட்க வந்தோரின் தாகம் தணிக்கப் புனித தோமையார் பாறையிலிருந்து நீர் வரச் செய்தார் என்பர். வேளாங்கண்ணியில் மாதா குளத்தின் நீரை எடுத்துச் செல்லாத பயணி அரிது. சமயம் வேறு, கதை வேறு. எல்லாக் கதைகளிலும் தாகம் ஒன்றே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

உப்புக் கடலோரத்தில் நன்னீர் எங்ஙனம் வருகிறது? மணல் தேரி மழையைக் குடித்து உள்ளே தேக்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. ஆதலால் எண்ணெய் தண்ணீரின்மேல் நிற்பதுபோல் உவர்நீரின்மேல் அது மிதந்து நிற்கும். கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கணக்கு. அந்த ஓர் அடியை எந்திரம் வைத்து உறிஞ்சிவிட்டால் கீழே 40 அடி போய்விடும், உப்பு மேலேறும். இதனால் புனிதரின் புகழ் குறையுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மணலையும் மழையையும் இவ்வாறு அமைத்தவரும் இறைவனே அல்லவா?

ஐரோப்பாவின் மேற்கெல்லையில் உள்ள அயர்லாந்து மழைக்குப் பஞ்சமில்லாத பசுமை நாடு. அங்கேயும் ஏறத்தாழ 3,000 புனிதக் கிணறுகள் உண்டு என்றால் நமக்கு வியப்பே. அவற்றுள் பலவற்றுக்குப் புனித பிரிஜித்தம்மாளின் பெயர். பிப்ரவரி முதல் நாள் அவர் திருநாள். கில்டேர் ஊரிலுள்ள அவருடைய கிணற்றை மக்கள் நாடி வருவர். கண்நோய் தீர்க்கும் என்று நம்பப்படும் கிணறுகள் பலவற்றிற்குக் ‘கண்களின் கிணறு’ என்றே பெயர். செபமாலை சொல்லிக்கொண்டு கதிரவன் செல்லும் திசையில் கிணற்றை வலம் வருவர். பக்கத்து முள்மரத்தில் கந்தைத் துணியை முடிந்துவிட்டு வருவர். துணி மட்கினால் நோயும் மறையும் என்பது நம்பிக்கை. மரத்தில் தொட்டில் கட்டும் நம் பெண்களுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை!

இக்கிணறுகளுள் பல கிறிஸ்தவம் அந்நாட்டில் கால்வைக்குமுன்பே வணங்கப்பட்டவை என்பர். அவற்றைத் தூர்க்காமல் புனிதர்களின் பெயரைச் சூட்டியது அயர்லாந்துத் திருச்சபை. 601 ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் இங்கிலாந்து மறைப்பணியாளருக்கு எழுதிய மடலிலும் இந்த மனப்பான்மையைக் காண்கிறோம்: சிலைகளை அகற்றுங்கள், கோவில்களை இடிக்காமல் மந்திரித்துப் பயன்படுத்துங்கள் என்றார். பின்னாளில் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கரை ஒடுக்கியபோது, 1704 ஆம் ஆண்டுச் சட்டம் கிணறுகளில் கூடுவதையே குற்றமாக்கியது. அபராதம் பத்து ஷில்லிங்; கட்ட இயலாதவனுக்குக் கசையடி. அப்படியும் மக்கள் வந்தார்கள். ஸ்லைகோ நகருக்கு அருகிலுள்ள டோபர்நால்ட் கிணற்றருகே மறைவில் திருப்பலி நடந்தது. சட்டத்தால் முடியாததைச் சாராயம் ஓரளவு செய்தது: பிற்காலத்தில் கிணற்றுத் திருவிழாக்கள் குடியும் அடிதடியுமாகச் சீரழியவே, குருக்களும் ஆயர்களுமே பலவற்றை நிறுத்தினர். நம் திருவிழாக் கமிட்டியார் இவ்வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

கந்தைத் துணியும் தொட்டிலும் மூடநம்பிக்கை அல்லவா என்று கேட்போர் உண்டு. நீருக்குத் தன்னில் மந்திர ஆற்றல் இல்லை. பாஸ்கா இரவில் நாம் மந்திரிக்கும் தண்ணீரும் கடவுளின் அருளை நினைவூட்டும் அடையாளமே. ஆனால் எனக்கு இந்தத் துணிமுடிச்சைவிடப் பெரிய கவலை வேறொன்று.

நம் சமவெளி ஊர்களில் ஊர்க்கிணறு ஒன்று, சேரிக்கிணறு ஒன்று என்றிருந்ததை முதியோர் அறிவர். தாழ்த்தப்பட்டவர்கள் ஊர்க்கிணற்றில் வாளி இறக்கக்கூடாது. கரையில் காத்து நின்று, பிறர் இரங்கி ஊற்றினால் ஏந்திக்கொள்ள வேண்டும். பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாடில் மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. பழங்கதை என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. 2022 டிசம்பரில், நமக்கு எட்டும் தூரத்திலுள்ள புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது. நாம் கத்தோலிக்கர், நமக்கென்ன என்று கேட்பீரோ? வடக்கன்குளத்தில் இறைமக்களை இரு கூறாக்கிக் கோயிலுக்குள்ளேயே நின்ற சுவர் 1910 இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் சில இன்னும் நிற்கின்றன.

மணப்பாட்டுக் குகையில் தண்ணீர் வாங்கக் கை நீட்டுபவரை எந்த ஊர், எந்தத் தெரு என்று எவரும் கேட்பதில்லை. அதே மனிதர் தம் ஊருக்குத் திரும்பியபின், தம் வீட்டுச் செம்பை யாருக்கு நீட்டுகிறார், யாருக்கு மறுக்கிறார் என்பதே என் கேள்வி.

யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், நண்பகல் வேளையில் களைத்துப்போய்க் கிணற்றருகே அமர்ந்த ஆண்டவர், தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கக் கேட்கிறார். யூதர் சமாரியரோடு பழகுவதில்லை. ஆகவேதான் அவள் திகைக்கிறாள். தாம் கொடுக்கப்போகும் உயிருள்ள தண்ணீரைப் பற்றி அவர் பேசுவது அதன்பிறகே. முதலில் அவளுடைய குடத்து நீரைக் கேட்டார். அந்த யாக்கோபின் கிணறு பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரில் கிரேக்க மரபு வழிக் கோயில் ஒன்றின் அடித்தளத்தில் இன்றும் உள்ளது. ஆழம் ஏறத்தாழ 40 மீட்டர். வாளியில் இறைத்த நீரை அங்கே செல்லும் பயணிகள் வாங்கிப் பருகுவது வழக்கம்.