கல்வராயன் மலையைக் காண வருகிறவர்களுக்கு



மருத்துவமனையைப் பார்க்க வரும் சபையார் பலரும், "அக்கம்பக்கத்தில் காண என்ன உண்டு?" என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கிறார்கள். நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறவர்கள் வார்டுகளை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம் என்பதே எங்கள் விருப்பமும்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். முன்பு விழுப்புரத்தோடும், 1993க்கு முன் தென்னாற்காட்டோடும் இருந்தது. இங்குள்ள மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சேலம் நெடுஞ்சாலையை ஒட்டிய தியாகதுருகம் மலைக்கோட்டைக்காக பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஐதர் அலியும் மோதிக்கொண்டார்கள். 1761இல் அது ஆங்கிலேயர் வசமானது. ஏறுவதானால் காலை வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கிறது கபிலர் குன்று. பாரி மறைந்தபின் அவர் மகளிருக்கு வாழ்வு தேடித் தந்துவிட்டுக் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்பதை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. தமிழ் படித்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

இனி மலை. கச்சிராயபாளையம் வழியாக கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மேலே ஏறலாம். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே அதைவிட உயரமான பெரிய கல்வராயன். கரியாலூரில் பூங்காவும் படகுத்துறையும் உண்டு. மழைக்காலத்துக்குப் பின் மேகம், பெரியார் அருவிகளில் தண்ணீர் நன்றாக விழும். சேலம் பக்கத்துக் கருமந்துறையில் அரசின் பெரிய பழப்பண்ணை இருக்கிறது.

மலையாளி என்னும் பழங்குடியினரே இங்கு பெரும்பான்மை. பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர் என்றே பொருள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கீழிருந்த இம்மலையை அரசு ஏற்றது 1976இல்தான். நாடு விடுதலையடைந்து அதற்குள் 29 ஆண்டுகள் கடந்திருந்தன. சாலையும் பள்ளியும் மருத்துவமும் தாமதமாக வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வசதிகள் என்று கேட்டால், தாலுகாவின் தலைமையிடமான வெள்ளிமலைக்குப் பேருந்து உண்டு. ஆனால் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. பல ஊரார் பேருந்துச் சாலைக்கே நடந்துதான் வர வேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டிச் சுமந்து வந்ததும் உண்டு. மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அறுவை சிகிச்சை என்றால் கீழே இறங்கியாக வேண்டும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது பெரிய உதவி. ஆனாலும் அதுவரை வந்து சேர வேண்டுமே! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் நிலையை விசாரித்தது. நீங்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் அதே கொண்டைஊசி வளைவுகளில்தான் எங்கள் நோயாளிகள் இறங்கி வருகிறார்கள்.

வருகிறவர்கள் கச்சிராயபாளையத்திலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். தேனும் கடுக்காயும் சாமையும் விற்பார்கள். வாங்குங்கள், பேரம் பேச வேண்டாம்.