சர்க்கரை போனது, சங்கு மிச்சம்

கியூபாவின் மூடப்பட்ட ஆலைகளையும் பழைய ரயில் எஞ்சின்களையும் பார்க்க வெளிநாட்டுக் குழுக்கள் பஸ் பிடித்து வருகின்றன. அவர்களுக்கு அது பாரம்பரியம். உள்ளூர்க்காரர்களுக்கு அது பறிபோன பிழைப்பு.

கியூபாவின் வடக்குக் கரையில், கைபாரியென் என்ற துறைமுக ஊரை ஒட்டி ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பைப் பிழியும் உருளைகள் அப்படியே இருக்கின்றன. ஆளை விட உயரமான பல்சக்கரங்கள் இருக்கின்றன. கொட்டகையில் நீராவி எஞ்சின்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் பல, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பால்ட்வின் கம்பெனி செய்தவை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: கரும்பு. மார்செலோ சலாடோ என்ற அந்த ஆலை இப்போது சர்க்கரைத் தொழில் மியூசியம். கரும்பு வண்டிகள் நுழைந்த வாசலில் இன்று சுற்றுலா பஸ்கள் நிற்கின்றன.

பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் கடற்கரையில் வெயில் காய வந்த கூட்டம் அல்ல. ஓய்வுபெற்ற எஞ்சினியர்கள், ரயில் பித்தர்கள், கட்டடக் கலைஞர்கள், வரலாற்று ஆசிரியர்கள். கையில் நோட்டு, கழுத்தில் காமிரா. பகலில் ஆலை, ரயில் நிலையம், சுருட்டுத் தொழிற்சாலை, இரவில் இசை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் மூடிய சுரங்கங்களையும் இரும்பு ஆலைகளையும் பார்க்க மக்கள் போவது பழைய வழக்கம். கியூபாவுக்கு வரும் குழுக்களைக் கவர்வது வேறு விஷயம். மற்ற நாடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சாமான்கள் இங்கே தெருவில் ஓடுகின்றன.

இந்தத் தீவின் தொழில் வரலாறு பலரும் நினைப்பதைவிடப் பழையது. சர்க்கரை ஆலையில் நீராவி எஞ்சினைப் பொருத்திப் பார்க்கும் முயற்சி இங்கே 1797-லேயே நடந்தது. 1837 நவம்பரில் ஹவானாவிலிருந்து பெஹுகால் வரை ரயில் ஓடியது. அப்போது கியூபாவை ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயினிலேயே முதல் ரயில் 1848-ல்தான் வந்தது. பம்பாய் - தானா ரயில் ஓடியது 1853-ல். ஆண்ட நாட்டுக்கு முன்பே அடிமை நாட்டுக்கு ரயில் வந்ததன் காரணம் எளிமையானது. அந்தத் தண்டவாளம் போடப்பட்டது முக்கியமாக மனிதர்களுக்காக அல்ல. சர்க்கரை மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்க.

பழைய இயந்திரங்கள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பாரம்பரியப் பற்றும் அல்ல. 1959 புரட்சிக்குப் பிறகு ஆலைகள் அரசுடைமையாயின. 1960-ல் அமெரிக்கா சர்க்கரை வாங்குவதை நிறுத்தியது. 1962-ல் முழு வர்த்தகத் தடை வந்தது. உதிரி பாகங்கள் வருவது நின்றுபோனது. இருப்பதை வைத்தே காலம் தள்ள வேண்டிய கட்டாயம். 1950-களின் ஷெவர்லே காருக்குள் ரஷ்ய டீசல் எஞ்சின் புகுந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங்கிய நீராவி எஞ்சின்கள் அந்த நூற்றாண்டு முடியும்போதும் கரும்பு வண்டிகளை இழுத்துக்கொண்டிருந்தன. கிடைக்காத பாகத்தை ஆலையின் பட்டறையிலேயே கடைந்து எடுத்தார்கள். சுற்றுலாப் பயணி வியந்து படம் எடுப்பது உண்மையில் ஒரு இல்லாமையைத்தான். அந்த இல்லாமையைச் சமாளித்த கைத்திறனைப் படம் பிடிப்பது கடினம்.

பயணம் பெரும்பாலும் ஹவானாவில் தொடங்குகிறது. பழைய ஹவானா 1982-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2020-ல் மறைந்த நகர வரலாற்றாளர் யூசெபியோ லேயல், இடிந்துகொண்டிருந்த மாளிகைகளையும் சதுக்கங்களையும் ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். அவர் அலுவலகமே ஓட்டல்களை நடத்தியது. அதன் வருமானம் அடுத்த கட்டடத்தைப் பழுதுபார்க்கப் போனது. எஞ்சினியர்கள் தேடிப்போவது மாளிகைகளைவிட அல்பேயர் நீர்வழியை. பிரான்சிஸ்கோ டி அல்பேயர் வடிவமைத்த இந்தத் திட்டம் 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1893-ல் முடிந்தது. பம்பு இல்லாமல், நில மட்டத்தின் சரிவை மட்டுமே நம்பி வென்டோ ஊற்று நீரை நகருக்குக் கொண்டுவந்தது.

அடுத்தது சுருட்டு. புகையிலையை விட ஆச்சரியமானது, அதைச் சுருட்டும் கூடத்தில் ஒலிக்கும் குரல். 1865-ல் ஹவானா தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான மேடையில் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் பிறகு நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்குக் கூலி, தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நாட்டு நடப்பும் உலக இலக்கியமும் அறிந்தார்கள். இது ஆபத்து என்று ஸ்பானிய ஆட்சி மறுவருடமே தடை போட்டது. தடை நிற்கவில்லை, வழக்கம் நின்றது. மான்டி கிறிஸ்டோ என்ற சுருட்டுப் பெயர், வாசிக்கக் கேட்டு தொழிலாளர்கள் மயங்கிய அலெக்சாண்டர் டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்கிறார்கள்.

கியூபாவில் கலையையும் தொழிலையும் தனித்தனியே பார்க்க முடியாது என்பதற்கு இது ஒரு உதாரணம்தான். இசைக் குழுவில் தாளத்தைக் கட்டிப்பிடிக்கும் இரண்டு குச்சிகள் உண்டு. கிளேவ்ஸ் என்று பெயர். ஹவானா கப்பல் கட்டும் தளத்தில் பலகைகளை இணைக்கப் பயன்பட்ட கெட்டி மரமுளைகளிலிருந்து அவை பிறந்தன என்று சொல்லப்படுகிறது. 2016-ல் யுனெஸ்கோ அங்கீகரித்த ரும்பா, ஹவானா, மத்தான்சாஸ் நகரங்களின் துறைமுகக் கூலிகள் மத்தியில் வளர்ந்தது. தோல் முரசு கிடைக்காத இடத்தில் சரக்கு வந்த மரப்பெட்டியைத் தட்டினார்கள். அந்தப் பெட்டியே பின்னர் வாத்தியமாயிற்று. புகையிலையும் சர்க்கரையும் கியூபாவின் குணத்தை எப்படி வடித்தன என்று அறிஞர் பெர்னாண்டோ ஓர்டிஸ் 1940-ல் ஒரு நூலே எழுதினார்.

ஹவானாவின் வேதாதோ பகுதியில் இந்த உறவு புதிய வடிவம் எடுத்திருக்கிறது. மூடிக்கிடந்த ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலை 2014-ல் 'ஃபாப்ரிகா டி ஆர்டே' என்ற கலைக்கூடமாகத் திறந்தது. 'கலைத் தொழிற்சாலை' என்று பொருள். முன்னின்றவர் இசைக் கலைஞர் எக்ஸ் அல்போன்சோ. செங்கல் புகைபோக்கி அப்படியே நிற்க, உள்ளே ஓவியம், நாடகம், சினிமா, கச்சேரி என்று இளைஞர் கூட்டம் மொய்க்கத் தொடங்கியது.

தலைநகரைத் தாண்டினால் கதையின் நிறம் மாறுகிறது. ஹவானாவுக்குக் கிழக்கே ஹெர்ஷி. அமெரிக்க சாக்லேட் அதிபர் மில்டன் ஹெர்ஷி 1916-ல் முதன்முறையாக கியூபா வந்தார். சாக்லேட்டுக்குச் சர்க்கரை வேண்டும். நிலம் வாங்கினார், ஆலை கட்டினார். தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளி என்று ஒரு ஊரையே எழுப்பினார். ஹவானாவையும் மத்தான்சாஸையும் இணைத்து மின்சார ரயிலும் விட்டார். 1946-ல் அந்தக் கம்பெனி எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளியேறியது. புரட்சிக்குப் பின் ஆலைக்கு கமிலோ சியென்ஃபூகோஸ் என்று தளபதி ஒருவரின் பெயர் வைத்தார்கள். 2002-ல் ஆலை மூடப்பட்டது. மிஞ்சியிருப்பவை புகைபோக்கிகளும் இரும்புக் கூடும்தான். உள்ளூர் மக்கள் வாயில் ஊரின் பெயர் மட்டும் இன்னும் ஹெர்ஷி.

தெற்கே டிரினிடாட் நகரம். அதன் அருகே 'ஆலைகளின் பள்ளத்தாக்கு'. இரண்டும் 1988-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. உச்சத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் 50-க்கு மேற்பட்ட ஆலைகள், 30,000-க்கு மேற்பட்ட அடிமைகள். மனாக்கா இஸ்நாகா தோட்டத்தில் 45 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஏறிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. பயணிகள் ரசிக்கும் இந்தக் காட்சிக்குத்தான் கோபுரமே கட்டப்பட்டது: வயலில் யார் வேலை செய்கிறார், யார் ஓடுகிறார் என்று பார்க்க. அதில் தொங்கிய மணிதான் அடிமைகளின் நாளைத் தொடக்கியது, முடித்தது. சாறு காய்ச்சியது வரிசையாக அடுப்பில் ஏற்றிய திறந்த கொப்பரைகளில். நம் ஊர் வெல்லக் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு அந்த அனல் புரியும். அறுவடை மாதங்களில் அடுப்பு இரவும் பகலும் அணையாது.

கியூபாவில் அடிமை முறை முழுமையாக ஒழிந்தது 1886-ல். அதற்கு முன்பே, 1847 முதல், ஒரு லட்சத்துக்கும் அதிகமான சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்டார்கள். இதே காலத்தில் இந்தியர்கள் டிரினிடாட் தீவுக்கும் கயானாவுக்கும் கப்பலேற்றப்பட்டதும் இதே கரும்புக்காகத்தான். கோபுரத்தின் அடியில் இன்று பெண்கள் கையால் பின்னிய மேஜை விரிப்புகளை விற்கிறார்கள். கரும்பு கொடுத்த பிழைப்பைக் கோபுரம் கொடுக்கிறது. ஆனால் அது சிலருக்குத்தான்.

எத்தனை பேருக்குப் பிழைப்பு போனது என்பதை எண்களே சொல்லும். 1970-ல் ஒரு கோடி டன் சர்க்கரை என்று பிடல் காஸ்ட்ரோ இலக்கு வைத்தார். நாடே வயலில் இறங்கியும் 85 லட்சம் டன்தான் வந்தது. தோல்வி என்று கருதப்பட்ட அந்த எண்ணிக்கையை கியூபா அதற்குப் பிறகு எட்டவே இல்லை. 1980-களின் முடிவில் சுமார் 80 லட்சம் டன். நல்ல விலை கொடுத்து வாங்கிய சோவியத் யூனியன் 1991-ல் மறைந்தது. உரம் இல்லை, டீசல் இல்லை, ரொட்டிக்கு மாவும் இல்லை. 1992-ல் இந்தியாவில் மார்க்சிஸ்ட் கட்சி திரட்டிய 10,000 டன் கோதுமையும், நரசிம்ம ராவ் அரசு சேர்த்துக் கொடுத்த கோதுமையும் கியூபாவுக்குக் கப்பலேறியது அந்த நெருக்கடியில்தான்.

2002-ல் அரசு கணக்குப் பார்த்தது. 156 ஆலைகளில் 71-ஐ மூட முடிவெடுத்தது. வேலை இழந்தவர்களைச் சம்பளம் கொடுத்துப் படிக்க அனுப்பியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கியூபாவில் ஆலை என்பது வேலை மட்டும் அல்ல. ஊருக்கு மின்சாரம், ரயில், பட்டறை, பேஸ்பால் அணி எல்லாம் ஆலையைச் சுற்றித்தான். சங்கு ஊதினால் ஊர் எழும். ஊதாவிட்டால் ஊருக்கு மணி தெரியாது. மீதி ஆலைகளும் தேறவில்லை. 2024-25 அறுவடையில் உற்பத்தி 2 லட்சம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகம் சர்க்கரை ஏற்றுமதி செய்த நாடு, தன் மக்களின் தேநீருக்கே சர்க்கரை இறக்குமதி செய்யும் நிலை.

எனவே சுற்றுலாதான் கைகொடுக்க வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. அதிலும் வாஷிங்டனின் கை விளையாடுகிறது. அமெரிக்கர்கள் கியூபாவுக்கு வெறும் உல்லாசப் பயணம் போவது அவர்கள் நாட்டுச் சட்டப்படி குற்றம். கல்வி, பண்பாட்டு நோக்கம் என்று நிரூபிக்க வேண்டும். நாள் முழுக்க நிகழ்ச்சி நிரல் வேண்டும். வழிகாட்டியோடு கூடிய குழுப் பயணம் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். 2011-ல் ஒபாமா திறந்த இந்தக் கதவை 2019-ல் டிரம்ப் சாத்தினார், 2022-ல் பைடன் மறுபடி திறந்தார். ஒவ்வொரு முறை கதவு அசையும்போதும் டிரினிடாட்டில் வீட்டு அறையை வாடகைக்கு விடும் குடும்பத்தின் வருமானம் அசைகிறது.

2018-ல் சுமார் 47 லட்சம் பேர் வந்தார்கள். 2024-ல் 22 லட்சம்தான். அந்த ஆண்டு அக்டோபரில் மத்தான்சாஸின் அந்தோனியோ கித்தேராஸ் மின்நிலையம் திடீரென நிற்க, தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. ஓட்டலில் ஜெனரேட்டர் ஓடுகிறது, எதிர்வீட்டில் மெழுகுவர்த்தி. பயணிகள் கொடுக்கும் டிப்ஸில் வழிகாட்டி சம்பாதிப்பதை எஞ்சினியரால் மாதச் சம்பளத்தில் சம்பாதிக்க முடிவதில்லை. படித்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள்: சிலர் டாக்சி ஓட்டப் போனார்கள், பலர் நாட்டை விட்டே போனார்கள். மக்கள் தொகை ஒரு கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது.

மூடிய ஆலையை மியூசியமாக்குவது வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் எதுவுமே மிஞ்சாது. மூடப்பட்ட பல ஆலைகளுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. பாரம்பரியம் என்ற பட்டம் ஒரு சில ஆலைகளையாவது கொல்லன் உலையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. மத்தான்சாஸ் மாகாணத்தில் 'ஆஸ்திரேலியா' என்ற ஆலை ஒன்று உண்டு. 1961 பன்றி வளைகுடாப் படையெடுப்பின்போது காஸ்ட்ரோ அங்கிருந்துதான் போரை நடத்தினார். அதுவும் அரவையை நிறுத்திவிட்டது. ஆனால் நினைவிடமாக நிலைத்திருக்கிறது.

ஆனாலும் ஒரு மியூசியத்துக்கு வேண்டிய ஆட்கள் சில டஜன் பேர். ஒரு ஆலைக்கு வேண்டியவர்கள் பல நூறு பேர். எஞ்சின் எப்படி ஓடும் என்று பயணி கேட்கும்போது பதில் சொல்லக் கூடியவர்கள், கொதிகலனுக்குச் சக்கை அள்ளிப் போட்டவர்கள், பாகின் பதத்தை விரலில் தொட்டே சொல்லக் கூடியவர்கள், அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அரவை ஆலையைப் பார்த்ததே இல்லை. கறுப்பு வர்ணம் பூசி வைத்தால் பால்ட்வின் எஞ்சின் இன்னும் நூறு வருடம் நிற்கும். அதைப் பற்ற வைக்கத் தெரிந்த கைகளுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.